ஆறாவது பொட்டு

"நகருங்கன்னு சொல்றேன் இல்ல, இன்னும் நாலு விரக்கடதான் —"

"நா எதுக்கு நகரணும்? சுட்டவன் வந்து —"

"சுட்டவரு வரமாட்டாரு. குண்டுதான் வந்துக்கினு இருக்குது."

"வரட்டும். அதோட வழியிலயா நா குந்திக்கினு இருக்கிறேன்? என் எடத்துல இருக்கிறேன்."

"உங்க எடம், உங்க எடம். போவும்போது குழியத் தூக்கிக்கினு —"

"தார் குடு."

தறிக்குழியில் உட்கார்ந்திருந்த உமாபதி திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். வடிவாம்பாள் நூல் சுற்றிய தார்க்குச்சியை அந்தக் கையில் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனுக்குப் பின்னால், சன்னல் வெளிச்சம் விழுகிற சுவரோரம்தான் அவளுக்கும் அவள் ராட்டைக்கும் இடம். சண்டை போட்டாலும் தார் சுற்றுகிற கை நிற்காது.

அவன் அண்ணன் கலியாணசுந்தரம் அவன் மார்பைக் குறிவைத்துச் சுட்ட குண்டு அது. சுட்டது 1964ஆம் வருஷத்து ஆயுத பூசையன்று. அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தது 1973 கார்த்திகையில். பிள்ளையார்பாளையத்து வீட்டின் வாசற்படியில் புறப்பட்ட குண்டு கூடத்தைக் கடந்து தறிக்குழியை நோக்கி மாதத்துக்கு இரண்டு விரற்கடை வீதம் வந்துகொண்டிருந்தது. ஈயக் குண்டு, பெரிய புளியங்கொட்டை அளவு இருக்கும். ராட்டையில் குச்சி சுற்றுகிற மாதிரி தன்னைத் தானே மெல்லச் சுற்றிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. நின்றது என்றுதான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பொங்கலுக்கு வந்தவர்கள் தீபாவளிக்கு வந்தால்தான் அது நடந்திருப்பது தெரியும். தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. பிடித்து இழுத்தவர்கள் விரல்தான் நழுவியது. தொடக்கத்தில் ஆட்டுக்கல்லைத் தூக்கி வந்து குறுக்கே முட்டுக்கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கல்லுக்குள் இருந்துவிட்டு மறுபக்கம் வழியாக வெளியே வந்தது. அந்தத் துளையில் வடிவாம்பாள் கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்தினாள்.

துப்பாக்கி அவர்களுடைய அப்பா கைலாச முதலியாருடையது. கோயில் நகைப்பெட்டி வெளியே போகிற நாட்களில் அதனோடு நடக்கிற காவல் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. அதற்காக வெள்ளைக்காரன் காலத்து லைசென்ஸ். ஆறு அறை கொண்ட உருளை சுற்றுகிற ரிவால்வர், நடுவில் மடக்கினால் வாயைப் பிளந்துகொள்ளும். ஆறு தோட்டாவும் இருந்தன. முதலியார் ஆயுசில் ஒன்றைக்கூடச் சுட்டதில்லை. வருஷத்துக்கு ஒருதரம் ஆயுத பூசையில் ஊடுநூலை ஓட்டுகிற தறி நாடாவுக்கும் கத்தரிக்கும் நடுவே மனைப்பலகையில் அதை வைப்பார். மருமகள் வடிவாம்பாள் சந்தனம் பூசி, ஒவ்வோர் அறைக்கும் மேலே அடித்திருக்கிற கிரீட முத்திரையின்மேல் ஒரு குங்குமப் பொட்டு வைக்க வேண்டும். அதுதான் அவர் போட்ட முறை. முதல் வருஷமே அவளுக்குத் தெரிந்தது, ஐந்து இடத்தில் முத்திரை விரலை நெருடியது, ஆறாவது இடம் வழுவழுவென்றிருந்தது. தேய்ந்திருக்கும் என்று நினைத்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஐந்துக்கு வைத்துவிட்டு ஒன்றை மட்டும் வெறும் நெற்றியாக விட எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? வைத்தாள். வருஷா வருஷம் சந்தனம் காய்ந்து ஏடு கட்டியது, அதன்மேல் ஆறு பொட்டும் சமமாகச் சிவந்திருந்தன.

முதலியார் இறந்ததும் லைசென்ஸை ஒரு மகன் பேருக்கு மாற்ற வேண்டியிருந்தது. இது என்ன துப்பாக்கி, குடும்பத்துக்கு எப்படி வந்தது என்று தாலுக்காவில் கேட்டார்கள். அண்ணனும் தம்பியும் அதில்தான் முட்டிக்கொண்டார்கள். பாலாற்றில் வெள்ளம் போனபோது தாத்தா ஒரு வெள்ளைக்காரக் கேப்டனைத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார், அவன் இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்த பட்டாளத்துத் துப்பாக்கி இது என்றான் கலியாணசுந்தரம். பட்டணத்தில் பழைய சாமான் கடையில் சுவர்க்கடிகாரத்தோடு சேர்த்து அப்பா வாங்கியது, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்ததே நான்தான் என்றான் உமாபதி. ராஜா கிரீடம் ஆறு போட்டிருக்கிறது, எண்ணிப் பார் என்று அண்ணன் பொட்டுகளை எண்ணிக் காட்டினான். பொட்டை எண்ணினால் அம்மிக்கல்கூடப் பட்டாளத்துக் கல்தான் என்று தம்பி சிரித்தான். பேச்சு இந்த மாதிரி வளர்ந்து வளர்ந்து, ஆயுத பூசையன்று தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த உமாபதி, மார்பைத் தட்டிக் காட்டினான்.

"சுடேன் பாப்பம். பட்டுச்சின்னா பட்டாளத்துத் துப்பாக்கி. இல்லன்னா கடிகாரத்தோட வந்த கழிசல்."

கலியாணசுந்தரம் வாசற்படியில் நின்று சுட்டான். சந்தனம்கூடக் காயவில்லை.

சத்தம் உடனே வந்தது, புகையும் வந்தது. காலண்டர் ஆணியோடு விழுந்தது. உமாபதி மார்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "கழிசல்" என்றான். வடிவாம்பாள்தான் கண்டாள், துப்பாக்கி முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி அது சுற்றிக்கொண்டு நிற்பதை. கலியாணசுந்தரம் துப்பாக்கியை மனைமேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, செவிலிமேட்டில் மனைவி காமாட்சியம்மாள் வீட்டோடு போய்விட்டான்.

சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டி வந்தவள் வடிவாம்பாள். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து குண்டை முன்னும் பின்னும் பார்த்தார். ஆள் செத்தாரா என்று கேட்டார், இல்லை. காயம் பட்டதா, அதுவும் இல்லை. அப்படியானால் சம்பவம் இன்னும் முடியவில்லை, முடிந்ததும் சொல்லி அனுப்பு, வந்து எழுதிக்கொள்கிறேன் என்றார். துப்பாக்கியை மட்டும் எடுத்துப் போனார். அது இன்னதென்று அவருக்கும் விளங்காததால் ஐயம்பேட்டையிலிருந்து சாமுவேலை வரவழைத்தார். சாமுவேல் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவன், ஓய்வு பெற்று வந்து பம்புசெட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

பாலாற்று மணலில், சகோதரர்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக்கொண்டு, சாமுவேல் மண்ணெண்ணெயும் பழைய புடவைக் கிழிசலும் வைத்துத் துப்பாக்கியைக் கழுவினான். இவர்கள் ஒரு மாட்டுவண்டிக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். சந்தன ஏடு கரைந்து ஓட, உலோகம் பேச ஆரம்பித்தது. வெப்லி கம்பெனித் துப்பாக்கி என்றான் சாமுவேல். அதில் பொறித்திருந்த அகல முனை அம்பு ஒன்றைக் காட்டி, இது பட்டாளத்துச் சொத்து என்றான். கலியாணசுந்தரம் மீசையைத் தடவினான். பக்கத்திலேயே இன்னோர் அம்பு எதிர்த்திசையிலிருந்து வந்து முதல் அம்பின் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. இது பட்டாளம் வேண்டாமென்று கழித்து விலைக்கு விட்டதற்கு அடையாளம் என்றான். உமாபதி கனைத்துக்கொண்டான். ஆக இரண்டு பேர் சொன்னதும் பாதிப் பாதி நிஜம். ஆளுக்கொரு அம்பை எடுத்துக்கொண்டார்கள், மற்ற அம்பை யாரும் பார்க்கவில்லை.

விலைக்கு விடுவதற்கு முன் இங்கிலீஷ்காரன் ஒவ்வோர் அறையிலும் அளவுக்கு மீறி மருந்து இடித்துச் சுட்டுப் பார்ப்பான், வெடித்துச் சிதறாத அறைக்குத்தான் கிரீடம் அடிப்பான் என்று சாமுவேல் விளக்கினான். இதில் ஐந்து அறைக்குக் கிரீடம் இருந்தது. மிச்சமிருந்த ஐந்து தோட்டாவையும் அந்த ஐந்தில் போட்டு, துப்பாக்கியை வண்டிச் சக்கரத்தில் கட்டி, விசையில் முறுக்கிய பட்டு நூலைக் கோத்து, மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து இழுத்தான். குறிக்கு வைத்த ஐந்து பானையும் உடைந்தன. செவிலிமேட்டு நாய்கள் ஊருக்குள் ஓடின. ஆயுத பூசையன்று வெடித்த தோட்டாவின் காலிக் கூடு கிரீடம் இல்லாத ஆறாவது அறையில் கரி பிடித்துக் கிடந்தது.

"இத்த அவனுங்க சுட்டே பாக்கலபா," என்றான் சாமுவேல். "ஆறாவதுக்கு வரும்போது சோத்துமணி அடிச்சிருக்கும், கெளம்பிட்டானுங்க. வேகம்னா இன்னான்னு இந்த அறைக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அது தானா கத்துக்கினு போவுது."

அந்த மணலிலேயே கலியாணசுந்தரம் நாலு பேர் கேட்கச் சொன்னான், இதெல்லாம் வடிவு வைத்த பொட்டால் வந்த வினை. வெறும் அறையில் பொட்டு வைத்து அவள் என்னை ஏமாற்றினாள், ஐந்தோடு நிறுத்தியிருந்தால் அறையை மாற்றித் திருப்பியிருப்பேன். வீட்டுக்கு வந்த உமாபதியும் அதையேதான் கேட்டான், முத்திரை இல்லாத இடத்தில் ஏன் வைத்தாய் என்று. ஒன்பது வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அவள் வைக்காமல் விட்டிருந்தால் அறை மாறியிருக்கும், 1964லேயே அவள் நெற்றி வெறும் நெற்றியாகியிருக்கும். அதை அவர்கள் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது, அதுவும் ராட்டையிடம்.

வருஷங்கள் போயின. இந்தி வேண்டாமென்று கூட்டம் ஓடிய நாளில் நாலு மாணவர்கள் போலீசுக்குத் தப்பி அந்தக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். குண்டைக் கண்டதும் மறுபடி தெருவுக்கே ஓடினார்கள். ஆட்சி மாறியது, அரிசி விலை மாறியது, கச்சாப் பட்டு விலை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்தார், சம்பவம் முடியவில்லையே என்று சொல்லிவிட்டு அவரும் மாற்றலானார். காமாட்சி கோயிலுக்கு வருகிறவர்களை அப்படியே இங்கேயும் கூட்டி வந்து காட்டுகிற வழக்கம் உண்டாயிற்று. சிலர் குண்டுக்குப் பூ வைக்கப் பார்த்தார்கள், அது சுற்றிச் சுற்றிப் பூவை உதிர்த்துவிட்டது. மகள் கலாவதி கல்யாணத்துக்குக் கூடத்திலேயே பந்தி போட்டார்கள், குனிந்து பரிமாறினார்கள். மாப்பிள்ளை பெண் போட்டோவில் இரண்டு பேருக்கும் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். கழுவும்போது பட்ட கறை என்றுதான் சம்பந்தி வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் உமாபதி ஒரு முழம் நகர்ந்து உட்கார்ந்தால் தீர்ந்தது. வடிவாம்பாள் கேட்டது அது ஒன்றைத்தான். அவன் நகர மாட்டான். நகர்ந்தால் சுட்டது சரி என்று ஆகிவிடும், வந்து நிறுத்த வேண்டியவன் சுட்டவன் என்றான். அவள் டவுன்பஸ் ஏறிச் செவிலிமேட்டுக்குப் போய் மூத்தாரைக் கேட்டாள், வந்து ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. சுடு என்று கேட்டது அவன், வேண்டாம் என்றும் அவனே வந்து கேட்கட்டும் என்றான் கலியாணசுந்தரம். காமாட்சியம்மாள் மட்டும் பஸ் வரைக்கும் கூட வந்து, ஆம்பளைங்க விஷயம், உடும்மா என்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே வடிவாம்பாள் தறி நாடா மாதிரி போய்ப் போய் வந்தாள். ஒரு வருஷம் அவளே முசரவாக்கத்திலிருந்து ஆள் பிடித்து வந்து, பக்கத்தில் புதுக் குழி தோண்டித் தறியை மாற்றப் பார்த்தாள். உமாபதி பழைய குழியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வந்த ஆள் காப்பி குடித்துவிட்டுக் கடப்பாரையோடு திரும்பிப் போனான்.

குண்டு வர வர அண்ணனுக்கும் தம்பிக்கும் பெருமை கூடியது. தம்பி மேல் வைத்த பாசத்தால்தான் அது மெல்லப் போகிறது, வேறு யார் சுட்டாலும் பாய்ந்திருக்கும் என்றான் கலியாணசுந்தரம். கல்யாண வீடுகளில் அவனுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். என் மார்புக்குப் பயந்துகொண்டு வருகிறது என்றான் உமாபதி. அவன் நெய்த புடவையை அதற்காகவே தேடி வந்து வாங்கினார்கள். கடைசி வருஷத்தில் குண்டு தறிக்குள் நுழைந்தபோது, பூ எடுக்கிற நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. அவன் முடிச்சுப் போட்டுக்கொண்டே நெய்தான். அந்த வருஷத்துப் புடவைகளில் மயிலுக்குக் கழுத்து இருக்காது. கடைக்காரர் அதைப் புதுமோஸ்தர் என்று சொல்லி விற்றார், நன்றாகவே போனது.

கார்த்திகையில் நாலு விரற்கடை இருந்தது. மார்கழியில் இரண்டு. தை பிறந்து பொங்கல் பானை இறக்கிய அன்று குண்டு உமாபதியின் மார்பைத் தொட்டது. மறுநாள் தோல் குழிந்தது, அடுத்த வாரம் உள்ளே போனது. ரத்தம் ஒரு குங்குமப் பொட்டு அளவுதான் வந்தது. நகர மாட்டேன் என்றவனால் அதற்குப் பிறகு நகர முடியவில்லை. குண்டு தன் வழியில் நிற்க, அதில் மாட்டிய சட்டை மாதிரி அவன் தறிக்குழியிலேயே நின்றுவிட்டான். தையிலிருந்து ஆடி வரைக்கும் அங்கேயேதான் சாப்பாடு, அங்கேயேதான் தூக்கம், கழுத்தை மட்டும் தோளில் சாய்த்துக்கொண்டு. ஊட்டினாள், துடைத்தாள், பாத்திரம் வைத்து எடுத்தாள், முதுகில் புண் வராமல் எண்ணெய் போட்டாள், மற்ற நேரம் தார் சுற்றினாள். நகருங்க என்று அவள் மறுபடி சொல்லவில்லை. அந்த ஆறு மாதத்தில் அவன் நெய்த மாதிரி யாரும் நெய்ததில்லை என்று சொல்கிறார்கள். வேறு போக்கிடம் இல்லாதவன் நெய்யாமல் என்ன செய்வான்?

பார்க்க வந்த டாக்டர், அறுத்தால் ஆள் போய்விடுவார், அது போகிற வழியில் போகட்டும் என்றார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் தெருவில் போய்க்கொண்டிருந்தபோது உமாபதி லேசாக இருமினான், குண்டு முதுகு வழியாக வெளியே வந்தது. சாகவில்லை. எழுந்து நின்றான், கால் மரத்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் குனிந்து முன்பக்கத் துளை வழியாகப் பார்த்து, பின்சுவர்க் காலண்டரில் தேதி தெரிகிறது என்றார். காற்றடிக்கிற நாளில் அந்தத் துளையில் ஒரு மெல்லிய விசில் கேட்கும், குழந்தைகள் அதைக் கேட்க வருவார்கள்.

சம்பவம் முடிந்துவிட்டதென்று வடிவாம்பாள் சொல்லி அனுப்பவில்லை, ஊரே சொல்லி அனுப்பியது. மூன்றாவது சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியோடு வந்தார். கையெழுத்துப் போடக் கலியாணசுந்தரத்தையும் வரச் சொல்லியிருந்தார். பத்து வருஷம் கழித்து அவன் அந்த வாசற்படி ஏறினான். சுட்ட இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, தம்பியின் மார்பையும், அதன் வழியாகத் தெரிந்த வெளிச்சத்தையும் பார்த்தான்.

"நகரவே இல்லியா நீ."

"நகரலண்ணா."

"பட்டாளத்துத் துப்பாக்கிதாண்டா அது."

"யாரு இல்லன்னா? அப்பா வெல குடுத்து வாங்கின பட்டாளத்துத் துப்பாக்கி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கலியாணசுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தான், உமாபதி பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் சாகவில்லை, யாருக்கும் புகார் இல்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். துப்பாக்கி யார் பேரில் இருப்பது என்று கேட்டதற்கு, அண்ணன் தம்பி பேரைச் சொன்னான், தம்பி அண்ணன் பேரைச் சொன்னான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் லைசென்ஸ் அண்ணன் பேரில், பூசை தம்பி வீட்டில் என்று முடிவாயிற்று. இனிமேல் ஐந்து பொட்டு போதும் என்றான் கலியாணசுந்தரம். அதைத்தான் நானும் அன்றைக்கே சொன்னேன் என்றான் உமாபதி. வடிவாம்பாள் மூன்று டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தாத்தா தூக்கிக் கரை சேர்த்த கேப்டன் எத்தனை கனம் இருந்திருப்பான் என்று அவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

காலி டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் தறிக்குழிக்குப் பின்னால் சுவரோரம் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ராட்டையை இழுத்து வைத்துக்கொண்டாள். குண்டு அவளுக்கு முன்னால் ஒன்றரை முழத்தில், கழுத்துக்கு நேராக, நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உமாபதியைத் தாண்டினால் அது எங்கே போகும் என்று இத்தனை வருஷத்தில் அண்ணன் கேட்கவில்லை, தம்பி கேட்கவில்லை, வந்த மூன்று சப்-இன்ஸ்பெக்டர்களும் கேட்கவில்லை. அவள் நூல் முனையைத் தேடி எடுத்துக் குச்சியில் ஒட்டினாள். பிறகு ஊஞ்சல் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"இங்க நா குந்திக்கினு இருக்கிறேன். நகரட்டுமா, வேணாமா? ரெண்டு பேருல யாராவது ஒருத்தர் சொல்லுங்க."